வடிகட்ட வேண்டாம், கேட்டுக் கொடுங்கள்

மாலையில் பார்வையாளர் நேரம் தொடங்கியதும் எங்கள் வார்டுகளின் வாயிலுக்கு வந்து சேரும் பைகளைப் பார்த்தாலே நம் மக்களின் மனம் விளங்கிவிடும். நோயுற்றவரைக் காண வெறுங்கையோடு செல்லலாகாது என்பது நம் வழக்கம். ஆப்பிளும் சாத்துக்குடியும் ஒரு பையில். இளநீர் ஒரு பையில். வீட்டிலேயே பிழிந்து, வடிகட்டி, சர்க்கரை கலந்து பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு வந்த பழச்சாறு இன்னொரு பையில். பேருந்தில் இரண்டு மணி நேரம் நின்றுகொண்டே வந்தவர், தாம் உட்காருவதற்கு முன்பே டம்ளரை எடுத்துக் கழுவுவார். அந்த அன்பைக் குறைத்துப் பேச எங்களுக்கு மனம் வராது. ஆயினும் அந்த டம்ளரில் இருப்பதைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

எங்கள் கருத்து இதுதான்: பழத்தைப் பருகக் கொடுப்பதானால் வடிகட்டாமல், சர்க்கரை சேர்க்காமல், சிறிய அளவில் கூழாகக் கொடுங்கள், அதையும் உணவு என்று எண்ணி, மருத்துவரையோ உணவியலாளரையோ கேட்டபின் கொடுங்கள். இன்று நகரங்களில் ‘ஸ்மூத்தி’ என்று பெயரிட்டு உயர்ந்த விலைக்கு விற்கப்படுவது இந்தக் கூழே. அதற்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. ஒரு மிக்ஸியும், நன்கு பழுத்த ஒரு பழமும், ஒரு மூடி தேங்காயோ ஒரு பிடி நிலக்கடலையோ போதும்.

முதலில், வடிகட்டும்போது என்ன நேர்கிறது என்பதைப் பார்ப்போம். ஒரு டம்ளர் சாறு பிழிய மூன்று அல்லது நான்கு ஆரஞ்சுப் பழங்கள் தேவைப்படும். நான்கு ஆரஞ்சுகளை ஒருவர் ஒரே மூச்சில் உரித்துத் தின்பதில்லை. இரண்டாவது பழத்திலேயே வயிறு போதும் என்று சொல்லிவிடும். சாறாக்கினாலோ இரண்டு நிமிடத்தில் நான்கும் உள்ளே போய்விடுகின்றன. ஒரு நடுத்தர ஆரஞ்சில் ஏறத்தாழ 3 கிராம் நார்ச்சத்து உண்டு. வடிகட்டிய சாற்றில் அது பெயரளவுக்கே மிஞ்சும்; எஞ்சியது சக்கையோடு குப்பைக்குப் போகிறது. சர்க்கரை மட்டும் ஒரு துளியும் குறையாமல் டம்ளருக்கு வந்து சேர்கிறது. 200 மி.லி. ஆரஞ்சுச் சாற்றில் இயல்பாகவே ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை இருக்கும். அதன்மேல் நாம் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை சேர்த்தால் மேலும் 10 கிராம் அளவுக்குக் கூடும்.

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டியில், பழச்சாற்றில் இயல்பாக உள்ள இனிப்பையும், தேனில் உள்ள இனிப்பையும், நாம் சேர்க்கும் சர்க்கரையோடு ஒன்றாகவே கணக்கிடுகிறது. ஒருவர் நாள்தோறும் பெறும் ஆற்றலில் இவை பத்து விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்றும், ஐந்து விழுக்காட்டுக்கும் குறைந்தால் மேலும் நன்று என்றும் அது கூறுகிறது. 2000 கலோரி உண்பவருக்கு அந்த ஐந்து விழுக்காடு என்பது 25 கிராம். நாம் மேலே கணக்கிட்ட ஒரே டம்ளர் அந்த வரம்பைத் தாண்டிவிட்டது. முழுப் பழத்தில் உள்ள இனிப்பை அந்த நிறுவனம் இக்கணக்கில் சேர்ப்பதில்லை. பழம் ஒன்றுதான், அதை உண்ணும் முறையிலேயே வேறுபாடு இருக்கிறது.

கூழாக அரைக்கும்போது நார் சிதைந்து நுண்ணிதாகிறதே தவிர, டம்ளரை விட்டு வெளியேறுவதில்லை. படுக்கையிலேயே நாள்களைக் கழிப்பவருக்கும், வலி குறைக்கும் மருந்துகளால் மலச்சிக்கலுக்கு ஆளாவோருக்கும் இந்த நார் பெரிய துணை. வடிகட்டியில் ஒட்டிக்கொள்ளும் சக்கையைக் ‘கழிவு’ என்று நாம் எண்ணுகிறோம். நோயாளியின் குடலுக்கு அதுவும் வேண்டும்.

இவ்வளவு சொன்னதனால் பழக்கூழைப் பழத்துக்கு நிகர் என்று நாங்கள் சொல்வதாகக் கொள்ளலாகாது. மெல்ல முடிந்தவர் மென்றே உண்ண வேண்டும். கடித்து மென்று உண்பவருக்கு விரைவில் வயிறு நிறையும். குடிப்பவருக்கு அப்படி நிறைவதில்லை. பிரிட்டனின் தேசிய நலச் சேவை, பழச்சாறு, பழக்கூழ் இரண்டையும் சேர்த்து ஒரு நாளைக்கு 150 மி.லி. போதும் என்று தன் மக்களுக்கு அறிவுறுத்துகிறது. அந்த எச்சரிக்கையில் நியாயம் உண்டு. வாழைப்பழம் இரண்டு, மாம்பழம் ஒன்று, பேரீச்சை நான்கு, தேன் இரண்டு கரண்டி என்று ஜாரில் அள்ளிப் போட்டு அரைத்தால், வடிகட்டாத காரணத்தால் மட்டும் அது நல்லுணவு ஆகிவிடாது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டு வழிகாட்டி, நாளொன்றுக்கு 100 கிராம் பழத்தையே ஒரு மாதிரித் தட்டின் அளவாகக் காட்டுகிறது. ஆகவே ஒருவருக்கு 100 கிராம் பழம், 150 மி.லி. கூழ் என்பதை அளவாகக் கொள்ளுங்கள். காப்பி குடிக்கும் சிறிய டம்ளர் இதற்குப் போதும்.

அப்படியானால் இக்கூழ் யாருக்கு உரியது? பல்லிழந்த முதியோருக்கு, வேதிமருந்துச் சிகிச்சையால் வாய் புண்ணாகி, ஒரு துண்டு கொய்யாவைக் கூடக் கடிக்க இயலாதவருக்கு, தாடையில் அறுவைச் சிகிச்சை முடிந்து நீராகவே உண்ண வேண்டியவருக்கு, காய்ச்சல் விட்டும் பசி திரும்பாத குழந்தைக்கு. இவர்களுக்கு இது நாகரிகப் பானமன்று. தட்டைத் தள்ளிவிடும் ஒருவரின் உடலுக்குள் சிறிது ஆற்றலும் சிறிது புரதமும் போய்ச் சேர எஞ்சியிருக்கும் வழிகளுள் ஒன்று.

பால் சேர்க்காமல், தாவரப் பொருள்களைக் கொண்டே அரைக்கச் சொல்வது ஏன் என்ற கேள்வி எழலாம். பசும்பாலின்மீது எங்களுக்குக் குறையேதுமில்லை. ஒத்துக்கொள்கிறவர் தாராளமாகப் பருகலாம். ஆனால் பாலில் உள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரை பலருக்குச் செரிப்பதில்லை. கடுமையான வயிற்றுப்போக்கிலிருந்து மீள்வோரில் சிலருக்குச் சில வாரங்கள் வரையிலும் அது செரிக்காமல் வயிறு உப்பும், மீண்டும் பேதியாகும். விரதத்தாலோ கொள்கையாலோ பாலைத் தவிர்ப்போரும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு வெள்ளரிக்காயும் கஞ்சியும்தான் கதி என்று விட்டுவிட வேண்டியதில்லை.

இதற்காகப் பெருங்கடையில் அட்டைப்பெட்டியில் விற்கும் பாதாம்பால் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று எண்ணிக் கடன்பட வேண்டாம். சிகிச்சைச் செலவே தலைக்கு மேல் நிற்கும் குடும்பங்கள் அந்தப் பெட்டியைச் சுமந்து வருவதை நாங்கள் வருத்தத்தோடு பார்த்திருக்கிறோம். பெட்டியின் பின்புறத்தைப் படித்தால் பலவற்றில் பாதாம் மிகக் குறைவாகவும் சர்க்கரை நிறைவாகவும் இருப்பது தெரியும். நம் அடுப்பங்கரையில் தேங்காய்ப்பாலும், கேழ்வரகுப் பாலும், எள்ளும் கடலையும் தலைமுறை தலைமுறையாக இருந்துவந்தவை. பழத்தைப் பிசைந்து, தேங்காய்ப்பால் ஊற்றி, ஏலக்காய் தட்டிப்போட்டுக் கொடுத்த பாட்டிமார் ‘ஸ்மூத்தி’ என்ற சொல்லைக் கேட்டதில்லை.

எனினும் ஒவ்வொன்றும் எதைத் தருகிறது என்று அறிந்து சேர்க்க வேண்டும். தேங்காய்ப்பால் சுவையும் ஆற்றலும் தரும். புரதம் மிகக் குறைவு, நிறைகொழுப்பு மிகுதி. எடை குறைந்து தேய்ந்தவருக்கு அது உதவும். இதய நோயாளிக்கு நாள்தோறும் ஏற்றதன்று. புரதம் வேண்டுமானால் நிலக்கடலையை நாடுங்கள். 20 கிராம் கடலையில், அதாவது ஒரு சிறு பிடியில், ஏறத்தாழ 5 கிராம் புரதம் உண்டு. சோயாப் பாலும் புரதத்தில் பசும்பாலுக்கு நெருங்கி நிற்பது. கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 மி.கி. சுண்ணாம்புச்சத்து உண்டு; ஆனால் பால் பிழிந்து வடிகட்டினால் அது முழுவதும் இறங்காது. ஆகவே வறுத்தரைத்த மாவை நன்கு வேகவைத்து ஒரு கரண்டி சேர்ப்பதே மேல். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: வைட்டமின் பி12 இவை எதிலும் இயற்கையாக இல்லை. பாலையும் முட்டையையும் புலாலையும் முற்றிலும் விட்டவர் அதனை மருத்துவரிடம் கேட்டுத் தனியே பெற வேண்டும்.

செய்முறைக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். எடை குறைந்து, மெல்லவும் முடியாதவருக்கு: ஒரு நடுத்தர வாழைப்பழம், நன்கு வேகவைத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை ஒரு சிறு பிடி, கொதித்தாறிய நீர் முக்கால் டம்ளர், சிறிது ஏலக்காய். கடலையை முதலில் நீர்விட்டு வெண்ணெய்போல் அரைத்துக்கொண்டு, பின்னர் பழத்தைச் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றினால் நாவில் தடையில்லாமல் இறங்கும். இதில் ஏறத்தாழ 200 கலோரியும் 6 கிராம் புரதமும் கிடைக்கும். கூழ் 150 மி.லி.க்குச் சற்று மிகும். அதை இரு வேளையாகப் பிரித்து, வேளைதோறும் புதிதாகப் பாதியளவே அரைத்துக் கொடுங்கள். கடலையில் பூஞ்சை பிடித்தவையும் சுருங்கிக் கசப்பவையும் இருந்தால் தயங்காமல் எறிந்துவிடுங்கள். கடலை ஒவ்வாதவர் இருக்கும் வீட்டில் இதைச் செய்ய வேண்டாம். இனிப்பு மிகாமல் வேண்டுவோருக்கு: பப்பாளி 100 கிராம், கெட்டித் தேங்காய்ப்பால் இரண்டு மேசைக்கரண்டி, நீர் சிறிது, எலுமிச்சைச் சாறு சில துளிகள்.

கொய்யாவும் மிக நல்லது. 100 கிராமில் ஏறத்தாழ 200 மி.கி. வைட்டமின் சி உண்டு; ஆரஞ்சில் இருப்பதைப்போல் அது நான்கு மடங்கு. விலையோ ஆப்பிளைவிடக் குறைவு. விதை உறுத்தும் என்றால் நடுப்பகுதியைக் கரண்டியால் வழித்தெடுத்துவிட்டு, சதையை மட்டும் அரைத்துக்கொள்ளலாம். அன்னாசியைப் பாலோடு அரைத்தால் கசப்பதை நம் தாய்மார் அறிவார்கள். அதிலுள்ள நொதி பாலின் புரதத்தைச் சிதைப்பதே காரணம். சோயாப் பாலுக்கும் அதே கதிதான். அன்னாசியைத் தனியே நீர்விட்டு அரைத்து உடனே பருகுவது நலம். சர்க்கரைக்குப் பதில் வெல்லமோ கருப்பட்டியோ தேனோ சேர்த்தால் தீங்கில்லை என்று எண்ணுவோர் பலர். நீரிழிவு உள்ளவரின் இரத்தம் அந்த வேறுபாட்டைப் பெரிதாக அறியாது. நன்கு பழுத்த பழத்துக்கு வேறு இனிப்பு வேண்டியதில்லை.

இனி நாங்கள் மிகவும் வலியுறுத்த விரும்பும் பகுதிக்கு வருகிறோம். எல்லாருக்கும் ஏற்ற பழக்கூழ் என்று ஒன்று இல்லை.

சிறுநீரகம் பழுதுற்று டயாலிசிஸ் செய்துகொள்ளும் தந்தை ஒருவருக்கு, உடம்பு தேறட்டும் என்று மகள் வாழைப்பழத்தை இளநீரிலும் தேங்காய்ப்பாலிலும் அரைத்துக் கொண்டுவருவதாக வைத்துக்கொள்வோம். ஒரு வாழைப்பழத்தில் ஏறத்தாழ 400 மி.கி. பொட்டாசியம், ஒரு டம்ளர் இளநீரிலும் அதே அளவு அல்லது சற்று மிகுதி, தேங்காய்ப்பாலில் மேலும் நூறு. ஒரு டம்ளரிலேயே ஆயிரத்தை நெருங்குகிறது. இத்தகைய நோயாளிகள் பலருக்கு ஒரு நாள் முழுவதற்கும் 2000 முதல் 2500 மி.கி. வரையே மருத்துவர் அனுமதிப்பார். இரத்தத்தில் பொட்டாசியம் கூடினால் இதயத்துடிப்பு தாறுமாறாகும், நின்றுபோகவும் கூடும். உடல் நலமுள்ளவருக்கு அமுதமாகும் அதே டம்ளர் இவருக்கு உயிராபத்து. நட்சத்திரப் பழத்தைச் சிறுநீரக நோயாளிகள் ஒரு துண்டும் உண்ணலாகாது. அது மூளையையும் நரம்பையும் தாக்கும். குடிக்கும் நீரின் அளவிலும் இவர்களுக்குக் கட்டுப்பாடு உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

அறுவைச் சிகிச்சைக்கு முன் ‘ஒன்றும் சாப்பிட வேண்டாம்’ என்று சொல்லியிருக்கும்போது, ‘இது குடிப்பதுதானே’ என்று கூழைக் கொடுத்துவிடுவதும் உண்டு. அப்படிக் கொடுத்ததால் விடியற்காலையில் சிகிச்சையைத் தள்ளிவைக்க நேர்ந்தது ஒரு முறைக்கு மேல் நடந்திருக்கிறது. தெளிந்த நீர் வயிற்றிலிருந்து விரைவில் இறங்கிவிடும். ஆதலால் அறுவைக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை அதனை அனுமதிப்பதுண்டு. பழக்கூழ் உணவு. அதற்குக் குறைந்தது ஆறு மணி நேர இடைவெளி வேண்டும். வயிற்றில் உணவு இருக்கையில் மயக்க மருந்து கொடுத்தால் அது மேலெழுந்து நுரையீரலுக்குள் புகக்கூடும்.

பக்கவாதம் வந்தவர் விழுங்கும் ஆற்றலைச் சோதித்தறியும் முன், ஒரு வாய் நீரும் கொடுக்கலாகாது. கூழ் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதையும் அந்தச் சோதனையே சொல்லும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை உண்பவர், கூழில் திடீரென்று கீரை சேர்க்கத் தொடங்கினால் மாத்திரையின் வேலை குறையும். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நோயாளிக்குச் சமைக்காத பழத்தைக் கொடுக்கலாமா என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்களின் குடும்பத்தார் ஒன்றைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். அன்றாடம் பருக வடிகட்டாத கூழே மேல். அதையும் பலகாரத்துக்குப் பதிலாகக் கொள்ள வேண்டுமேயன்றி, இட்லியோடு கூட்டிச் சேர்க்கலாகாது. ஆனால் இரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழ் இறங்கி வியர்த்து நடுங்கும் வேளையில் நாரும் கடலையும் கலந்த கூழ் உதவாது. அது மெதுவாகவே இரத்தத்தில் சேரும். அப்போது மூன்று தேக்கரண்டி குளுக்கோஸையோ சர்க்கரையையோ நீரில் கரைத்து உடனே கொடுங்கள். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே மருத்துவ உதவியை அழையுங்கள்.

தூய்மையைப் பற்றியும் ஒரு சொல். மிக்ஸி ஜாரின் கத்திக்கு அடியிலும், மூடியின் ரப்பர் வளையத்திலும் பழைய மாவும் மசாலாவும் ஒட்டியிருக்கும். அவற்றைக் கழற்றிக் கழுவிய பின்பே நோயாளிக்கு அரையுங்கள். பழத்தைத் தோலோடு ஓடும் நீரில் கழுவிவிட்டு நறுக்குங்கள். கொதித்தாறிய நீரையே பயன்படுத்துங்கள். கடைப் பனிக்கட்டி வேண்டவே வேண்டாம். நம் ஊர் வெயிலில் தேங்காய்ப்பால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்தால் கெடத் தொடங்கும். ஆகவே பேருந்தில் பிளாஸ்கில் கொண்டுவருவதைவிட, பழத்தை முழுதாகக் கொண்டுவந்து, மெல்ல இயலுமானால் இங்கேயே நறுக்கிக் கொடுப்பது நல்லது. கூழை வீட்டுக்குத் திரும்பிய பின், அரைத்தவுடனே பருகக் கொடுங்கள்.

இறுதியாக, எங்கள் குறையையும் ஒப்புக்கொள்கிறோம். காலைச் சுற்றில் படுக்கையருகே நிற்கும் நாங்கள், ‘நல்லா ஜூஸ் குடுங்க’ என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்ந்துவிடுகிறோம். என்ன பழம், எவ்வளவு, எத்தனை வேளை, யாருக்கு ஆகாது என்று சொல்வதில்லை. அந்த ஒரு வரியை வேதவாக்காகக் கொண்டு, அரைநாள் கூலியைக் கொடுத்து ஒருவர் பழம் வாங்கப் போகிறார். அளவு சொல்லாமல் மாத்திரை எழுதிக்கொடுப்பதில்லை; உணவை மட்டும் அளவின்றிச் சொல்வது எங்கள் தவறு. அதைத் திருத்திக்கொள்ள வேண்டியவர்கள் நாங்கள்தாம்.

நாங்கள் மறந்தால் நீங்கள் கேளுங்கள். ‘இவருக்கு என்ன பழம் ஆகும்? எவ்வளவு கொடுக்கலாம்? எப்போது கொடுக்கக் கூடாது?’ இந்த மூன்று கேள்விகளைச் செவிலியரிடமோ உணவியல் பிரிவிலோ கேட்பதற்கு எவரும் கூச்சப்பட வேண்டியதில்லை. கேட்டவர்களைக் கடிந்துகொண்டால் அதையும் எங்களுக்குத் தெரிவியுங்கள். அத்தனை தொலைவிலிருந்து நீங்கள் கொண்டுவரும் டம்ளர் நோயாளிக்கு நன்மை செய்ய வேண்டும் என்பதே உங்கள் விருப்பம். எங்கள் விருப்பமும் அதுவே.